கல் உடைத்த தீவில் ஒரு பள்ளிக்கூடம்

எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லப்பட்டு வருகிற ஒரு வசனம் இருக்கிறது. பரிசளிப்பு விழாவில் சொல்லுவார்கள், ஏ.எல். வகுப்பில் சொல்லுவார்கள், வீட்டில் கரண்ட் இல்லாத இரவில் அம்மாவும் சொல்லுவா. "கஷ்டப்பட்டவன்தான் முன்னுக்கு வருவான்." இதற்கு உதாரணமாக உளியும் கல்லும் வரும். உளி படப்படத்தானே கல் சிலையாகிறது?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை நாங்கள் யோசிப்பதில்லை. கல்லைச் சும்மா அடித்துக்கொண்டே இருந்தால் அது சிலையாகாது, சல்லியாகும். சிலை வர வேண்டுமென்றால் அடியைத் தவிர வேறு ஏதோ வேண்டும். அது என்ன?

இந்தக் கேள்வியை வெறும் தத்துவமாகக் கதைத்தால் முடிவே வராது. அதனால் வரலாற்றில் ஓர் இடத்தை எடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தோம். அங்கே மனிதர்கள் உண்மையாகவே கல்லை உடைத்துச் சல்லியாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் அப்படியே நொறுக்கிவிடலாம் என்று ஓர் அரசு நம்பியிருந்தது. இடம், தென்னாபிரிக்காவின் ரொபன் தீவு.

தீவும் அதன் பழைய கதையும்

கேப்டவுன் நகரத்துக்கு எதிரே கடலில் கிடக்கிற ஒரு சின்னத் தட்டைத் தீவு இது. மிகக் கிட்டிய கரையிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர். 'ரொபன்' என்றால் டச்சு மொழியில் கடல்நாய்கள். நகரத்தின் வெளிச்சம் தெரிகிற தூரம்தான், ஆனால் நடுவில் குளிர்ந்த, நீரோட்டம் கூடிய கடல். தப்பிப் போவது லேசில்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வந்த காலத்திலிருந்தே வேண்டாதவர்களைக் கொண்டுபோய்ப் போடும் இடமாக அது இருந்தது. 1819இல் பிரித்தானியப் படைக்கு எதிராகக் கிரஹாம்ஸ்டவுனில் போரிட்ட ஹோசா மக்களின் தலைவர் மகானாவையும் அங்கேதான் அனுப்பினார்கள். படகில் தப்பப் பார்த்த அவர் கடலில் மூழ்கி இறந்தார். பிறகு 1931 வரை பல பத்தாண்டுகள் தொழுநோயாளர்களையும் அந்தத் தீவில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மகானாவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

1961இலிருந்து இனவொதுக்கல் அரசு தீவை உயர்பாதுகாப்புச் சிறையாக்கியது. 1964 ஜூன் 12ஆம் திகதி ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நெல்சன் மண்டேலா, வோல்டர் சிசுலு, கோவன் ம்பெக்கி, ரேமண்ட் ம்லாபா, அஹமத் கத்ராடா, எலயஸ் மொற்சோலெடி, அன்றூ ம்லங்கேனி ஆகிய ஏழு பேரும் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே வழக்கில் அதே தண்டனை பெற்ற டெனிஸ் கோல்ட்பேர்க் மட்டும் பிரிட்டோரியாச் சிறைக்குப் போனார். காரணம், அவர் வெள்ளையர். தண்டனையை அனுபவிக்கிற இடத்தையும் தோலின் நிறமே தீர்மானித்தது.

பாண் துண்டும் நீளக் காற்சட்டையும்

சிறைக்குள்ளும் அதே கணக்குத்தான். இந்திய வம்சாவளியினரான கத்ராடாவுக்கு நீளக் காற்சட்டை, மண்டேலாவுக்கும் சிசுலுவுக்கும் அரைக்காற்சட்டை. ஆபிரிக்கர் 'பையன்கள்', அதனால் அரைக்காற்சட்டை போதுமாம். இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் பாண் கிடைக்கும், சீனியும் கொஞ்சம் கூட. ஆபிரிக்கருக்குச் சோளமாக் கஞ்சி. பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவனின் தட்டைப் பார்த்து மனம் கசந்து, தங்களுக்குள்ளேயே பிரிந்துபோக வேண்டும் என்பதுதான் இதற்குள் இருந்த திட்டம்.

தனியறைகள் எட்டடிக்கு ஏழடி அளவு. படுக்கப் பாய், மலசலத்துக்கு ஒரு வாளி. கீழ்த்தரத்தில் வைக்கப்பட்ட கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு. அந்தக் கடிதமும் 500 சொல்லைத் தாண்டக் கூடாது, வந்து சேரும்போது அதில் ஓட்டைகள் இருக்கும். தணிக்கை அதிகாரிக்குப் பிடிக்காத வரிகளை வெட்டி எடுத்துவிடுவார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தகப்பனைப் பார்க்க வர முடியாது. சிறையில் தன்னை அதிகம் வாட்டியது குழந்தைகளையே காணாமல் இருந்ததுதான் என்று கத்ராடா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

முதல் மாதங்களில் முற்றத்தில் வரிசையாக இருத்தி, சுத்தியலைக் கொடுத்துக் கல் உடைக்க விட்டார்கள். கதைக்கக் கூடாது. 1965இல் சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாத வேலை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அது ஏறக்குறைய 13 வருடம் நீண்டது. காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உச்சி வெயிலில் அந்த வெள்ளை எப்பிடிக் கண்ணைக் குத்தும் என்று. கறுப்புக் கண்ணாடி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. அனுமதி கிடைக்க ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது. மண்டேலாவின் கண்கள் வாழ்நாள் முழுக்கப் பாதிக்கப்பட்டே இருந்தன. விடுதலைக்குப் பிறகும் கமெராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தை அவரால் தாங்க முடியவில்லை.

இதுவரை சொன்னதில் யாரையும் 'வளர்க்கிற' விஷயம் ஏதாவது இருக்கிறதா? இல்லை. குவாரி கண்ணைக் கெடுத்தது. தணிக்கை குடும்பத்தைப் பிரித்தது. 1968இல் மண்டேலாவின் தாய் இறந்தார். அடுத்த வருடம் மூத்த மகன் தெம்பி கார் விபத்தில் இறந்தார். இரண்டு செத்தவீட்டுக்கும் போக அனுமதி இல்லை. அதே 1969இல் மனைவி வின்னியும் கைதாகிச் சிறையில் இருந்தார். இந்தத் துக்கம் அவரை 'உறுதியாக்கியது' என்று எழுதுவது லேசு. அப்படி எழுதுவதற்கு எங்களுக்கு மனமில்லை.

குவாரியில் நடந்த வகுப்பு

ஆனால் அதே குவாரியில் இன்னொரு விஷயமும் நடந்தது. மண்வெட்டியும் பிக்காசும் பிடித்தபடி சின்னச் சின்னக் கூட்டமாக வேலை செய்யும்போது கைதிகள் கதைக்கத் தொடங்கினார்கள். காவலர்கள் சலித்துப்போய்க் கவனிக்காமல் விடுகிற நேரங்கள் இருந்தன. அந்தக் கதை மெல்ல மெல்ல ஒழுங்கான வகுப்பாக மாறியது. சிசுலு ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். கத்ராடா தென்னாபிரிக்க இந்தியரின் போராட்டத்தைப் படிப்பித்தார். மண்டேலா அரசியல் பொருளாதாரம் எடுத்தார். பாடத்திட்டம் இருந்தது, கேள்வி நேரம் இருந்தது, வாதமும் சண்டையும் இருந்தன. சிசுலு சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவர். பட்டம் எதுவும் இல்லாத அவர்தான் அந்த 'பல்கலைக்கழகத்தின்' மிக மதிக்கப்பட்ட ஆசிரியர்.

பொதுப் பகுதியில் இருந்த கைதிகளில் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமானது. தபால்வழிக் கல்விக்கு அனுமதி கிடைத்தபோது பலர் தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகத்தில் பதிந்தார்கள். கத்ராடா சிறையிலிருந்தே பல பட்டங்கள் எடுத்தார். மண்டேலா சட்டப் பட்டத்தை முடித்தது 1989இல், 70 வயதைத் தாண்டி.

இந்தப் படிப்பும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. அது உரிமை இல்லை, 'சலுகை'. எந்த நேரமும் பறிக்கலாம். 1970களின் நடுவில் மண்டேலா இரவிரவாகத் தன் சுயசரிதையை எழுதினார். மக் மஹராஜும் லாலு சிபாவும் அதை நுணுக்கி நுணுக்கிச் சின்ன எழுத்தில் பிரதி எடுத்தார்கள். 1976இன் இறுதியில் விடுதலையான மஹராஜ் அந்தப் பிரதியை வெளியே கடத்திக்கொண்டு போனார். மூலப்பிரதியைக் கொக்கோ ரின்களில் போட்டு முற்றத்தில் புதைத்திருந்தார்கள். சுவர் கட்டத் தோண்டியபோது ஒரு பகுதி அகப்பட்டுவிட்டது. தண்டனை என்ன தெரியுமோ? மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவருக்கும் நான்கு வருடம் படிப்பு நிறுத்தம். அடி உதையை விடப் படிப்பை நிறுத்துவது பெரிய தண்டனை என்று சிறைக்கே விளங்கியிருந்தது. கடத்தப்பட்ட அந்தப் பிரதிதான் 1994இல் வெளிவந்த அவருடைய சுயசரிதைக்கு அடித்தளமானது.

எங்கட வயதுக்காரர்களுக்காக ஒருவரின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிக்காங் மொசெனெகே. 1963இல் கைதானபோது அவருக்கு வயது 15. பத்து வருடச் சிறை. ஓ.எல். எழுதுகிற வயதில் தீவுக்குப் போன பொடியன், அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தார், அங்கேயே பட்டமும் எடுத்தார். வெளியே வந்து சட்டத்தரணியானார். 1993இன் இடைக்கால அரசியலமைப்பை வரைந்த குழுவில் இருந்தார். பிறகு நாட்டின் பிரதிப் பிரதம நீதியரசராக 2016 வரை இருந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பிய சட்டங்கள் இல்லாமல் போன நாட்டில், சட்டத்துக்கு விளக்கம் சொல்கிற கதிரையில் அவர் இருந்தார்.

விதிப் புத்தகத்தோடு ஓர் உதைபந்தாட்டம்

மொசெனெகே சிறையில் செய்த இன்னொரு வேலை, உதைபந்தாட்டச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தது. விளையாட அனுமதி கேட்டுக் கைதிகள் வருடக்கணக்காக நச்சரித்தார்கள். கேட்டவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பார்வையும் வெளி உலகத்தின் அழுத்தமும் கூடக்கூட, 1967இன் இறுதியில் சனிக்கிழமைகளில் கொஞ்ச நேரம் விளையாட விட்டார்கள். மைதானத்தைக் கைதிகளே செப்பனிட்டார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். அவர்கள் சும்மா பந்தை உதைத்துவிட்டு வரவில்லை. 1969இல் முறையான யாப்போடு ஒரு சங்கம் அமைத்தார்கள். கடலில் மூழ்கிய அந்தப் பழைய தலைவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: மகானா உதைபந்தாட்டச் சங்கம். மூன்று பிரிவுகள், பல கழகங்கள், மத்தியஸ்தர்களுக்குப் பயிற்சி, ஒழுக்காற்றுக் குழு, மேன்முறையீடு, எல்லாம் ஃபீஃபா விதிகளின்படி. ஒரே சிறையில், அடுத்த அடுத்த கூடத்தில் இருக்கிற கழகங்கள் ஒன்றுக்கொன்று 'மதிப்புக்குரிய ஐயா' என்று கடிதம் எழுதிக்கொண்டன. ஒரு முறை தோற்றுப்போன அணியொன்று மத்தியஸ்தரின் தீர்ப்பை எதிர்த்து மைதானத்திலேயே படுத்துக்கொண்டது. அந்த விசாரணை மாதக்கணக்காக இழுபட்டது. அந்தக் கடிதங்களும் கூட்ட அறிக்கைகளும் இன்றைக்கும் கேப்டவுனில் உள்ள மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இவ்வளவு கடுதாசி வேலை எதற்கு? வெளியே அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. நியாயமான நீதிமன்றமும் இல்லை. உள்ளே, ஒரு பந்தை வைத்துக்கொண்டு, தேர்தல் வைப்பது எப்படி, பிடிக்காத தீர்ப்பை ஏற்பது எப்படி, எதிராளிக்கும் பதில் சொல்லச் சந்தர்ப்பம் கொடுப்பது எப்படி என்று பழகினார்கள். ஆபிரிக்க தேசிய காங்கிரஸ்காரரும் பான் ஆபிரிக்க காங்கிரஸ்காரரும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துக் கதைக்காத காலம் அது. ஒரே அணியில் விளையாடினால் பந்தைப் பாஸ் பண்ணித்தானே ஆக வேண்டும்? 2007இல் ஃபீஃபா அந்தச் சங்கத்தைக் கௌரவ உறுப்பினராக ஏற்றது. ஆனால் மண்டேலா இருந்த தனிப்பகுதிக்கு அந்த மகிழ்ச்சி கிடைக்கவில்லை. அவர்களுக்கு விளையாட அனுமதி இல்லை. பார்ப்பதையும் பிறகு ஒரு சுவர் எழுப்பி மறைத்துவிட்டார்கள்.

தீபாவளி அட்டைக்குள் ஷேக்ஸ்பியர்

எங்களுக்கு மிகவும் பிடித்த கதை இது. டர்பனைச் சேர்ந்த சொனி வெங்கட்ரத்னம் 1970களில் ரொபன் தீவில் இருந்தார். ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு ஒன்றை அவர் வைத்திருந்தார். புத்தகங்களைப் பறித்துவிடுவார்கள் என்பதால், வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை அதன் மட்டையில் ஒட்டினார். அட்டையில் இருந்தவை இந்துக் கடவுள் படங்கள். இது என்னுடைய வேதப் புத்தகம் என்று காவலருக்குச் சொன்னார், காவலரும் நம்பிவிட்டார்.

அந்தப் புத்தகம் கையில் இருந்து கைக்குப் போனது. முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தங்களுக்குப் பிடித்த பகுதியின் பக்கத்தில் கையெழுத்து வைத்தார்கள். மண்டேலா 1977 டிசெம்பர் 16ஆம் திகதி கையெழுத்திட்டது 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், சாவுக்குப் பயப்படாதவனைப் பற்றிய வரிகளுக்குப் பக்கத்தில். எங்கட ஆட்கள் கொண்டாடுகிற தீபாவளியின் ஒரு வாழ்த்து அட்டை, ஆங்கில நாடகாசிரியர் ஒருவரை ஆபிரிக்கச் சிறையில் காப்பாற்றி வைத்திருந்தது. வாசிப்பு ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்தலாம்.

எதிரியின் மொழி

மண்டேலா சிறையில் அஃப்ரிகான்ஸ் படித்தார். காவலர்களின் மொழி, அவரை அடைத்து வைத்திருந்த அரசின் மொழி. காவலரோடு அதில் கதைத்தார், அவர்களுடைய வரலாற்றை வாசித்தார். தான் யாரோடு ஒரு நாள் பேச்சுவார்த்தைக்கு இருக்க வேண்டி வருமோ, அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம்.

இதை லேசாக ஏற்றுக்கொள்ள முடியாது. 1976 ஜூன் 16ஆம் திகதி சொவெட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவுக்கு இறங்கியது இதே மொழியைத் தங்கள் வகுப்பறைகளில் திணித்ததற்கு எதிராகத்தான். அவர்கள் மேல் பொலிஸ் சுட்டது. அந்தத் தலைமுறையின் இளைஞர்கள் கைதாகித் தீவுக்கு வந்து சேர்ந்தபோது, பெரியவர்கள் காவலரோடு அமைதியாகக் கதைப்பதைப் பார்த்து அவர்களுக்குக் கோபம் வந்தது. அதிகாரி வந்தால் தொப்பியைக் கழற்ற மாட்டோம், எழும்ப மாட்டோம் என்று நின்றார்கள். மொழியின் பெயரால் நடக்கிற அநீதியைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த எங்களுக்கு அந்தக் கோபம் நன்றாக விளங்கும்.

ஆனால் அங்கே நடந்தது ஒரு பக்கப் போதனை இல்லை. பெரியவர்கள் அந்த இளைஞர்களைத் திருத்த வேண்டிய பொடியன்களாக மட்டும் பார்க்கவில்லை. தாங்கள் உள்ளே இருந்த காலத்தில் நாடு எவ்வளவு மாறிவிட்டது, கறுப்புப் பிரக்ஞை இயக்கம் என்ன சொல்கிறது என்று அவர்களிடம் கேட்டுப் படித்தார்கள். இளைஞர்கள் பெரியவர்களிடமிருந்து பொறுமையையும் அமைப்புக் கட்டுவதையும் கற்றார்கள். திணிக்கப்பட்ட மொழியை எதிர்ப்பதும், விரும்பி ஒரு மொழியைக் கற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை என்பதை நாங்கள் இந்த இடத்தில்தான் தெளிவாகக் கண்டோம்.

சொபுக்வேயின் வீடு

இனி, இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான மனிதரிடம் வருவோம். ரொபேர்ட் சொபுக்வே, பான் ஆபிரிக்க காங்கிரஸின் நிறுவகத் தலைவர். 1960 மார்ச் 21இல் கடவுச் சட்டங்களுக்கு எதிராக அவர் அழைத்த போராட்டத்தின்போதுதான் ஷார்ப்வில் என்ற இடத்தில் பொலிஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அவருக்கு மூன்று வருடச் சிறை. தண்டனை 1963இல் முடிந்தது, ஆனால் விடவில்லை. அவர் ஒருவருக்காகவே நாடாளுமன்றம் ஒரு சட்டப் பிரிவை இயற்றியது. வருடா வருடம் புதுப்பித்து அவரை உள்ளேயே வைத்திருக்கலாம்.

ரொபன் தீவில் ஒரு தனி வீட்டில் அவரை 1969 வரை வைத்திருந்தார்கள். கல் உடைக்கத் தேவையில்லை. தன்னுடைய உடுப்பைப் போடலாம், புத்தகம் வாசிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மண்டேலாவை விட வசதியான சிறை. ஒன்றே ஒன்றுதான் இல்லை, வேறு கைதிகளோடு கதைக்க முடியாது. மற்றக் கைதிகள் தூரத்தால் வேலைக்குப் போகும்போது அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கு இடையால் ஒழுக விடுவாராம். நாங்கள் ஒரே மண்ணின் பிள்ளைகள் என்பது அதன் பொருள். அந்தச் சைகை மட்டும்தான் அவருக்கிருந்த சம்பாஷணை. பார்க்க வந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹெலன் சுஸ்மனிடம், பேச்சே மறந்துகொண்டு போகிறது என்று அவர் சொன்னார். அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், மேடையில் பேசிச் சனத்தை எழுப்பியவர்.

சொபுக்வே மனம் தளரவில்லை. அங்கிருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பட்டத்தைப் படித்து எடுத்தார். திறமையிலும் துணிவிலும் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. ஆனால் விடுதலைக்குப் பிறகும் கிம்பெர்லி நகரில் கட்டுப்பாடுகளோடேயே வாழ வைக்கப்பட்டு, 1978இல் புற்றுநோயால் இறந்தார். அவரோடு வளர ஒரு வகுப்பு இல்லை, ஓர் அணி இல்லை. அரசுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் மிகவும் பயந்த மனிதனுக்குக் கொடுத்த தண்டனை சுத்தியல் இல்லை, தனிமை.

துன்பம்தான் மனிதரை வளர்க்கிறது என்றால், அதிகம் தனிமைப்படுத்தப்பட்ட சொபுக்வேதான் அதிகம் பயனடைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எங்களுடைய கேள்விக்கான பதில் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது.

சிறைக்கு நன்றி சொல்லலாமா?

உளவியலில் 'அதிர்ச்சிக்குப் பின்னான வளர்ச்சி' என்ற ஒரு கருத்து உண்டு. 1990களில் அமெரிக்காவின் ரிச்சர்ட் டெடெஸ்கி, லோரன்ஸ் கல்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவர்களும் அதிர்ச்சி நல்லது என்று சொல்லவில்லை. அதோடு மல்லுக்கட்டும்போதுதான் வளர்ச்சி வரலாம் என்றும், அப்படி வந்தாலும் வலி அதனோடேயே இருக்கும் என்றும்தான் சொல்கிறார்கள். மண்டேலா பேச்சுவார்த்தையின் பெருந்தலைவரானதும் உண்மை, அவருடைய கண்கள் கெட்டதும், பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் வளர்ந்ததும் உண்மை. ஒன்று மற்றதைச் சரிக்கட்டாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தத் தீவில் படித்த எல்லோரும் ஒரே மாதிரி ஆகவில்லை. ஜேக்கப் சூமாவும் அங்கே பத்து வருடம் இருந்தார், அங்கே விளையாடினார், மத்தியஸ்தராகவும் இருந்தார். பிறகு ஜனாதிபதியானார். ஊழல் குற்றச்சாட்டுகளை விசாரித்த ஆணைக்குழுவுக்கு முன்னால் வர மறுத்ததால், 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவமதிப்புக்காக அவருக்கு 15 மாதச் சிறை விதித்தது. மொசெனெகே நீதியரசராக இருந்த அதே நீதிமன்றம். ஒரே தீவு, ஒரே மைதானம், ஒரே விதிப் புத்தகம். கஷ்டம் யாருக்கும் நிரந்தரச் சான்றிதழ் கொடுப்பதில்லை. பிறகு வருகிற ஒவ்வொரு நாளும் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதும் கணக்கில் வரும்.

ஆகவே ரொபன் தீவிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். அவர்களை வளர்த்தது குவாரி இல்லை. குவாரியில் பக்கத்தில் நின்றவன். தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம். சண்டை பிடித்தாலும் விதிப்படி பிடிக்கிற பழக்கம். ஒளித்து வைத்தாவது வாசிக்கிற புத்தகம். அதோடு, கொடுமையைக் கொடுமை என்றே சொல்லி விடாமல் எதிர்த்தது. 1966இல் கைதிகள் சாப்பாட்டை மறுத்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அதைப் பார்த்த காவலர்களும் கடைசியில் தங்கள் சாப்பாடு சரியில்லை என்று மறுத்த கதையும் உண்டு. நீளக் காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் 1979இல் எல்லாருக்கும் ஒரே சாப்பாடும், கேட்டுக் கேட்டுப் பெற்றவை. கஷ்டம் எங்களைச் செதுக்கட்டும் என்று அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் அரைக்காற்சட்டையோடேயே காலம் போயிருக்கும்.

இதை எங்கட இடத்தில் வைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது. போரையும் இடப்பெயர்வையும் கடந்த, அல்லது அதைக் கடந்தவர்களின் வீட்டில் பிறந்த தலைமுறை நாங்கள். லயன் அறையில் இருந்து படித்து வந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். "நீங்கள் கஷ்டத்தில் வளர்ந்த பிள்ளைகள், எதையும் தாங்குவீர்கள்" என்று எங்களைப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை வாங்கும்போது கொஞ்சம் கவனமாக இருப்போம். சில நேரம் அது அன்பால் வருவது. சில நேரம், கஷ்டத்தைத் தீர்க்க வேண்டியவர்கள் அதைத் தீர்க்காமல் விடுவதற்குச் சொல்கிற சாட்டு.

அதே நேரம் எங்களிடம் ஒன்றும் இல்லை என்று குந்தியிருக்கவும் தேவையில்லை. சோதனையில் ஒரு முறை விழுந்த நண்பனோடு சேர்ந்து இருந்து படிப்பது, ஊரில் மூடிக் கிடக்கிற வாசிகசாலையைத் திறக்க வைப்பது, விளையாட்டுக் கழகத்தின் கணக்கு வழக்கை ஒழுங்காக எழுதி வைப்பது, வேறு கட்சி வேறு மதம் என்றாலும் ஒரே அணியில் பந்தைப் பாஸ் பண்ணுவது, இவையெல்லாம் சின்ன வேலைகள்தான். மகானா சங்கத்தின் கூட்ட அறிக்கைகளும் சின்ன வேலைதான்.

முக்கியமாக, துக்கத்தோடு அறைக்குள் தனியாக இருக்கிற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், கஷ்டம் உன்னை வளர்க்கும் என்று அறிவுரை சொல்ல வேண்டாம். ஒருக்கால் போய்ப் பக்கத்தில் இருங்கோ. கதையுங்கோ. சொபுக்வேக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.